‘எனக்கு’ இல்லாத மொழியில் உணர்வுகள்

இந்தோனேசிய மொழி எளிது என்று சொல்லாதவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. வினைச்சொல்லில் காலம் காட்டும் விகுதி கிடையாது, பால் வேறுபாடு கிடையாது, வேற்றுமை உருபு கிடையாது, பன்மை வேண்டுமென்றால் சொல்லை இரட்டித்தால் போதும், எழுத்தும் ஏற்கெனவே பழகிய ரோமன் எழுத்து. இந்தப் பட்டியலில் ஒன்றும் பொய்யில்லை. ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா நகரில் குடியேறி, வெளிநாட்டவருக்கான மொழி வகுப்பில் சேர்ந்து, கடைக்காரரிடம் விலை கேட்கவும் வழிப்போக்கரிடம் வழி கேட்கவும் விரைவிலேயே பழகிக்கொண்டபோது நானும் அதையே சொன்னேன். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் ஒட்டாமலே கிடந்தது. செய்தியைச் சொல்ல இந்த மொழி எளிது. வருத்தத்தையோ ஆசையையோ எரிச்சலையோ எதிரில் இருப்பவர் மனத்தில் படும்படி சொல்ல முயலும்போது அந்த எளிமை சட்டென்று நின்றுவிடுகிறது. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, தமிழ் பேசிப் பழகிய ஒருவருக்கு அங்கே என்ன கைகொடுக்கிறது என்பதைப் பற்றித்தான் நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் உணர்வுகளுக்கென்று ஒரு பாடம் உண்டு. வட்ட முகங்கள் வரையப்பட்ட ஒரு பக்கம். சிரிக்கும் முகத்தின் கீழே ‘செனாங்’, அழும் முகத்தின் கீழே ‘செடிஹ்’, சிவந்த முகத்தின் கீழே ‘மாராஹ்’, அப்புறம் அச்சத்துக்குத் ‘தாக்குத்’, ஏமாற்றத்துக்குக் ‘கெச்சேவா’, பெருமிதத்துக்கு ‘பாங்கா’. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘சாயா’ என்ற தன்மைப் பெயரைச் சேர்த்தால் வாக்கியம் முடிந்தது. சாயா செனாங், சாயா செடிஹ், சாயா மாராஹ். இலக்கணப்படி குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் தமிழ்க் காதுக்கு அதில் ஒரு வெறுமை தெரிகிறது. நமக்கு உணர்ச்சி என்பது வருவது. எனக்குக் கோபம் வந்தது, எனக்கு அழுகை வந்தது, எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவளுக்குப் பொறாமை, அவனுக்குப் பயம். பசியும் தாகமும் தூக்கமும்கூட நான்காம் வேற்றுமையில்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. மனிதன் உணர்ச்சியின் எழுவாய் அல்லன். உணர்ச்சி வந்து இறங்கும் இடம். அப்படிப் பேசியே வளர்ந்தவருக்கு, நான், கோபம் என்று இரண்டு சொல்லை அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது, மேல்துண்டு இல்லாமல் சபைக்குப் போவதைப் போன்ற கூச்சத்தைத் தருகிறது.

இதற்கு இந்தோனேசிய மொழியிலேயே ஓர் ஆறுதல் இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. முன்னால் ‘கெ’, பின்னால் ‘ஆன்’ என்று ஒரு சொல்லை இருபுறமும் அணைத்துக்கொள்ளும் ஓர் ஒட்டு உண்டு. ‘ஹூஜான்’ என்றால் மழை. ‘கெஹூஜானான்’ என்றால் மழையில் மாட்டிக்கொண்ட நிலை. ‘தாக்குத்’ பயம், ‘கெத்தாக்குத்தான்’ பயம் ஆளைப் பிடித்துக்கொண்ட நிலை. ‘செப்பி’ ஆளரவமற்ற அமைதி. அந்த அமைதியே ஒருவரை வந்து சூழ்ந்துகொண்டால் ‘கெசெப்பியான்’, அதாவது தனிமை. குளிரும் குழப்பமும் இழப்பும் இப்படியே மனிதர் மேல் வந்து விழுகின்றன. இலக்கண நூல்கள் இதை விருப்பமின்றி நேர்வதைக் குறிக்கும் வடிவம் என்று ஒரு வரியில் முடித்துவிடும். எனக்கோ இங்கேதான், ‘எனக்கு வந்தது’ என்று சொல்லிப் பழகிய மனத்துக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது.

சமஸ்கிருதத்திலிருந்து இரு மொழிக்கும் போன சொற்கள் உதவும் என்று தொடக்கத்தில் நம்பினேன். ‘டுக்கா’ நம் துக்கம்தான், ‘பஹாகியா’ நம் பாக்கியத்திலிருந்து தள்ளிப்போய் மகிழ்ச்சியாகிவிட்டது, ‘கெம்பிரா’ கம்பீரத்தில் பிறந்து களிப்பாக முடிந்தது, ‘செங்சாரா’ சம்சாரமாக இருந்து துன்பமாகவே நிலைத்துவிட்டது. ரசிக்கத்தக்கவைதாம். ஆனால் பேச்சில் உணர்வைக் கடத்தும் வேலையை இந்தச் சொற்கள் செய்வதில்லை. உடலிலிருந்து எடுத்த சொற்கள் கொஞ்சம் அதிகம் செய்கின்றன. ‘ஹாத்தி’ என்பது ஈரல். சாப்பாட்டுக் கடையில் கோழி ஈரலுக்கும் அதே பெயர்தான். மனம் புண்பட்டால் ஈரல் நோகிறது, காதல் முறிந்தால் ஈரல் முறிகிறது, வெளியே சொல்ல முடியாமல் ஒருவரை உள்ளுக்குள் சகித்துக்கொண்டிருந்தால் அது ஈரலைத் தின்பது. ஈரக்குலை நடுங்கும் நமக்கு இதில் அந்நியமாக எதுவுமில்லை.

யாருக்குப் பசிக்கிறது?

நான் குடியிருந்த ‘கோஸ்’, அதாவது அறை அறையாக வாடகைக்கு விடும் விடுதி வீடு, நடுமுற்றத்தைச் சுற்றி அமைந்தது. மாணவர்கள் முற்றத்தைக் கடந்துதான் குளியலறைக்கும் சமையலறைக்கும் போக வேண்டும். அதனால் அவர்கள் தங்களுக்குள் பேசுவது நாள் முழுதும் என் காதில் விழுந்தது. அந்தப் பேச்சில் ‘சாயா’ மிக அரிது. நெருக்கமானவர்களிடம் ‘நான்’ என்பதற்கு வரும் ‘ஆக்கு’கூட அவ்வளவாக இல்லை. பசியோடு வந்தவர் ‘லாப்பார் நிஹ்’ என்பார். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு ‘லாப்பார், யா?’ என்று கேட்பார். தள்ளி நிற்கும் மூன்றாமவரைக் காட்டி ‘லாப்பார் துஹ்’ என்பார்கள். மூன்று இடத்திலும் பசி என்ற ஒரே சொல்தான். யாருக்குப் பசி என்பதை அந்தச் சின்ன வால்கள் சொல்லிவிடுகின்றன. ‘நிஹ்’ என்பது ‘இது’ என்று பொருள்படும் ‘இனி’ என்ற சொல்லின் குறுக்கம்; ‘துஹ்’ என்பது ‘அது’ என்று பொருள்படும் ‘இத்து’வின் குறுக்கம். இங்கே இருக்கும் பசி என்றால் என் பசி, அங்கே இருக்கும் பசி என்றால் அவன் பசி, இசைவு கேட்கும் ‘யா’ வந்தால் உன் பசி.

இதைக் கவனித்த பிறகு என் கேள்வியே மாறிப்போயிற்று. தமிழில் ‘நான்’ என்ற சொல்லை விட்டுவிட்டாலும் ‘வந்தேன்’ என்ற வினைமுற்றிலேயே நான் இருக்கிறேன். இந்தோனேசிய வினையில் இடம் காட்டும் விகுதியே இல்லை. பெயரை விட்டால் யாருமே இல்லை. அப்படி யாருமில்லாமல் விடப்பட்ட உணர்வை, கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவில் எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவை இந்த ஓரசைச் சொற்கள். அவை தன்னைப் பற்றி அறிக்கை தருவதில்லை. எதிராளியை நோக்கித் திரும்பி நிற்கின்றன. ‘உனக்குத்தான் தெரியுமே’ என்பது ‘கான்’. ‘இது உனக்குத் தெரியாதா என்ன’ என்று வியப்பது ‘லோ’. ‘சரி, உன் விருப்பப்படியே ஆகட்டும்’ என்று விட்டுக்கொடுப்பது ‘டேஹ்’. கெஞ்சலும் உரிமையும் கலந்து வற்புறுத்துவது ‘டொங்’. நான் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று என்று தடுமாறுவது ‘கோக்’.

தமிழர்களுக்கு இது புதிதாகவே இருக்கக் கூடாது. தானே, ஆச்சே, பாரேன், போயேன், வந்தானாமே, இருக்குல்ல என்று வாக்கியத்தின் வாலில் நாம் எவ்வளவு மனத்தாங்கலையும் பாசத்தையும் ஏற்றி வைத்திருக்கிறோம்! ‘அவன் வந்தான்’ என்பதற்கும் ‘அவன்தான் வந்தானே’ என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் முழுவதும் உணர்வின் தூரம்தான். எந்தத் தமிழ்ப் பாடநூலும் அதை வெளிநாட்டவருக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருவதில்லை என்பதும் உண்மை.

விடுதி வீட்டின் உரிமையாளரை எல்லோரையும் போல நானும் ‘இபு’ என்றே அழைத்தேன். அம்மா என்று பொருள். அவருடைய பேரன் மாலை நேரங்களில் சோற்றுத் தட்டைத் தொடாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் அவர் வாசலுக்கு வந்து, கையைப் பாவாடைத் துணியில் துடைத்துக்கொண்டே, “கோக் ங்காக் மாக்கான் சிஹ், லே?” என்றார். ஏன் சாப்பிடவில்லை என்பதுதான் செய்தி. அதைப் பாடநூல் போலக் கேட்பதென்றால் ‘கெனாப்பா ங்காக் மாக்கான்’ என்று கேட்டிருக்கலாம். அப்போது அது காரணம் அறியும் கேள்வியாகவே இருந்திருக்கும். ‘கோக்’ என்று தொடங்கியதால், நான் உனக்காகச் சமைத்தேனே, நீ சாப்பிடுவாய் என்றுதானே இருந்தேன் என்ற ஏமாற்றம் உள்ளே வந்தது. ‘சிஹ்’ அதில் கொஞ்சம் சலிப்பையும் நெருக்கத்தையும் சேர்த்தது. கடைசியில் வந்த ‘லே’ ஜாவாவில் சிறுவர்களை வாஞ்சையோடு விளிக்கும் சொல். நெல்லைப் பக்கத்து ‘லே’க்கும் அதற்கும் மொழியுறவு ஏதும் இல்லையென்றாலும், கேட்ட மாத்திரத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. அந்த வாக்கியத்தில் அன்பு என்றோ வருத்தம் என்றோ பொருள்படும் சொல் ஒன்றுகூட இல்லை. பையன் எழுந்து உள்ளே போனான்.

அதே ‘கோக்’ பிறகு என்னிடமும் வந்தது. காய்ச்சலில் வகுப்புக்குப் போகாமல் படுத்திருந்தபோது அவர் கஞ்சியோடு வந்து, “லோ, கோக் சாக்கித்?” என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘என்னது, ஏன் நோய்வாய்ப்பட்டாய்’ என்ற விசாரணை. காதால் கேட்டால், நன்றாகத்தானே இருந்தாய், இப்படி ஆகியிருக்கக் கூடாதே என்ற பதற்றம்.

துக்க வீட்டில்

எனக்குள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தெளிந்தது ஒரு சாவு வீட்டில். இபுவின் கணவருடைய அண்ணன் அதே தெருவில் இருந்தார்; அவர் காலமான செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பிறகு ‘லெலாயு’ என்ற, ஜாவா மொழியில் அச்சிட்ட துக்க அறிவிப்புத் தாள் வீடு வீடாக வந்தது. துக்கம் விசாரிக்கப் போவதை இங்கே ‘மெலாயாத்’ என்கிறார்கள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக இட்டிருந்தார்கள். பந்தல் வாயிலில் பூக்களால் எழுத்து அமைத்த பெரிய பலகை ஒன்று நின்றது. ‘துருத் பெர்டுக்காச்சித்தா’, அதாவது துக்கத்தில் பங்கு கொள்கிறோம் என்பது அதன் வாசகம். வகுப்பில் இரங்கலுக்கென்று கற்றுத் தந்ததும் அதே தொடர்தான். ‘இன்னார் மறைவுக்காக’ என்று நீட்டி, முழு வாக்கியமாக அதை நான் மனத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் நின்றவர்கள் எவரும் அதைச் சொல்லவில்லை. இறந்தவரின் மனைவியின் கையை இரண்டு கைகளாலும் பற்றி, தலையைச் சற்றே தாழ்த்தி, சிலர் ஜாவா மொழியிலும் சிலர் இந்தோனேசிய மொழியிலும் சொன்னது ஒன்றே: “யாங் சபார் யா, பு.” பொறுமையாக இருங்கள் அம்மா. ‘சபார்’ அரபியிலிருந்து வந்த சொல். நம் இஸ்லாமியர் சொல்லும் ‘சபர்’தான். அதற்கு முன்னால் வரும் ‘யாங்’ அந்தப் பொறுமையைக் கட்டளையாக்காமல் வேண்டுதலாக்குகிறது. பின்னால் வரும் ‘யா’ சரியா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. தேர்வுக்குப் போகிறவரிடமும், மருத்துவமனையில் படுத்திருப்பவரிடமும், சொற்களை மாற்றி இதே அச்சில்தான் சொல்கிறார்கள். ஒத்திகை பார்த்த வாக்கியத்தை விட்டுவிட்டு நானும் அதையே சொன்னேன். அந்த அம்மாள் என் கையை விடாமல், இறந்தவரிடம் ஏதும் தவறு இருந்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்றார். இது இங்கே வழக்கம். அடக்கத்துக்கு முன் குடும்பத்தின் சார்பில் ஒருவர் ஒலிவாங்கியில் ஊராரிடம் முறைப்படியும் கேட்டுக்கொள்வார். ஆனால் தனியாக, நேருக்கு நேர், முன்பின் பழகாத ஓர் அயலூர்க்காரனிடம் அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அங்கே நின்றவர்கள் யாரும் தம் துயரத்தைத் தம்முடையதென்று சொல்லவில்லை. வந்தவர் தம் வருத்தத்தைச் சொல்லாமல், இருப்பவருக்குப் பொறுமையை வேண்டினார். இழந்தவர் தம் இழப்பைச் சொல்லாமல், போனவருக்காக மன்னிப்பை வேண்டினார். இதைப் பார்த்துவிட்டு, ஜாவாக்காரர்கள் உணர்ச்சியை மறைப்பவர்கள் என்று எழுதும் பயணிகள் உண்டு. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. மறைத்திருந்தால் எனக்குத் தொண்டை அடைத்திருக்காது. நம் ஒப்பாரி உரக்க எழுவது, இங்கே குரல் தாழ்ந்தே இருந்தது, வேறுபாடு பெரிதுதான். ஆயினும் ஒப்பாரியும் ‘நான் துயருறுகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘என்னை விட்டுப் போனாயே’ என்று போனவரை முன்னிலையில் விளித்துத்தான் அழுகிறது. உணர்வைத் தன்மையில் அறிவிக்காமல் முன்னிலையை நோக்கிச் சொல்வதில் இரண்டு மரபும் ஒன்றுபடுகின்றன. ‘சாயா செடிஹ்’ என்ற பாடநூல் வாக்கியம் எனக்கு ஏன் வெறுமையாகப் பட்டது என்பதற்கான விடையும் அதில் இருந்தது. அது பிழையான வாக்கியம் அன்று. யாரையும் நோக்காத வாக்கியம்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். 1928 அக்டோபர் 28 அன்று இளைஞர்கள் எடுத்த உறுதிமொழியில், மற்ற எந்த மொழியையும்விட அதிகமானோர் பேசிய ஜாவா மொழியைக் கொள்ளாமல், மலாய் மொழியின் அடிப்படையில் அமைந்த இந்தோனேசிய மொழியை ஒற்றுமையின் மொழியாகக் கொண்டார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாட்டில் பலருக்கும் அது பள்ளியில் வந்து சேர்ந்த மொழி. தாய் மடியில் கேட்டது வேறு. ஆகவே பள்ளி மொழியில் உணர்வைச் சொல்லும்போது, அவரவர் தாய்மொழியின் பழக்கங்கள் கூடவே வருகின்றன. ஜாவாவில் குழந்தை எப்படி வளர்க்கப்படுகிறது என்பதை ஆராய்ந்த ஹில்ட்ரெட் கீர்ட்ஸ் 1959இல் வெளியிட்ட கட்டுரையில், அச்சம், நாணம், மரியாதை கலந்த தயக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் ‘வெடி’, ‘இசின்’, ‘சுங்க்கான்’ என்ற மூன்று சொற்களின் வழியே பிள்ளைகள் பிறரிடம் நடந்துகொள்ளக் கற்பதை விவரித்தார். மூன்றுமே எதிரில் இருப்பவரை வைத்துக் கற்கும் உணர்வுகள் என்பது என் கவனத்தில் நின்றது.

உரையாடலில் இத்தனை வேலை செய்யும் ‘கோக்’கும் ‘சிஹ்’ஷும் ‘டொங்’கும் வகுப்பறைக்குள் வரவே இல்லை. அவை பேச்சு வழக்கு, தரமான மொழியில் இடம் இல்லை என்பது காரணம். கட்டுரை எழுதவும் அலுவலகக் கடிதம் எழுதவும் அந்தத் தரமான மொழி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மனிதரோடு வாழ்வதற்காக மொழி கற்பவருக்கு, முகப் படங்களின் பட்டியலுக்கு முன்னால் இந்தச் சின்னச் சொற்களைக் கற்றுத்தர வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். அவற்றை விட்டுவிட்டுப் பேசும் வெளிநாட்டவரின் வாக்கியம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அறிவிப்புப் பலகை வாசிப்பதாகவே கேட்பவருக்குப் படுகிறது. ‘போசான்’ என்றால் அலுப்பாக இருக்கிறது, ‘மெம்போசான்கான்’ என்றால் அலுப்பூட்டுகிறது என்ற வேறுபாட்டுக்கு ஒரு வாரம் செலவிடும் வகுப்பு, ‘நிஹ்’ஷுக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

கோபம்

துக்கத்தைவிடக் கடினமானது கோபம். தமிழில் எனக்குக் கோபம் வந்தால் குரல் உயரும், வினைச்சொற்கள் வேகம் பிடிக்கும். யோக்யகர்த்தாவில் நான் கண்டது வேறு. கோபம் கொண்டவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார், நெருக்கமான விளிகளை விட்டுவிடுகிறார், வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசத் தொடங்குகிறார். அந்த மரியாதை நமக்குச் சுடும். நாடு முழுதும் இப்படித்தான் என்று எண்ணிவிடவும் கூடாது. என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு உதவிய உள்ளூர் மாணவி மேடானைச் சேர்ந்தவர். தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழும் சுமத்ரா நகரம் அது. அவர் ஊரில் ‘நீ’ என்ற பொருளில் ‘காவ்’ என்று ஒருவரை அழைப்பது இயல்பு, தன்னைச் சொல்ல ‘ஆவாக்’, எரிச்சல் வந்தால் பத்தாக் மக்களின் ‘பாஹ்’. அதே ‘காவ்’ யோக்யகர்த்தாவில் முகத்தில் அறைந்த மாதிரி விழுகிறது என்பதால், வந்த புதிதில் தன்னைச் சண்டைக்காரி என்றே எல்லோரும் நினைத்தார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரே மொழியில் இரண்டு விதமாகக் கோபப்படலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி. எனினும் நான் இருந்த ஊரில் இருந்தவர்களிடம்தான் நான் கற்க வேண்டியிருந்தது.

பக்கத்து அறை மாணவர் நள்ளிரவுக்குப் பிறகும் பாட்டைச் சத்தமாக வைப்பார். நான் உள்ளுக்குள் ஈரலைத் தின்றுகொண்டிருந்த காலம் கணிசமானது. என்ன சொல்வது என்று இபுவின் மகளிடம் கேட்டேன். பாட்டை அவர் குறைக்க வேண்டும் என்று சொல்லாதீர்கள், பாட்டு குறைக்கப்படட்டும் என்று சொல்லுங்கள் என்றார் அவர். யார் குறைப்பது என்ற பேச்சே வாக்கியத்தில் வராமல் ‘டி’ என்ற முன்னொட்டு பார்த்துக்கொள்ளும். முதலில் மன்னிப்பு, அப்புறம் ‘மாஸ்’ என்ற அண்ணன் விளி, கடைசியில் ‘யா’. அன்றிரவு கதவைத் தட்டி, “மாஃப் மாஸ், மூசிக்ஞா டிகெச்சிலின் டிகித், யா” என்றேன். என் குரலில் எரிச்சல் இருந்தது. மறைக்க நான் முயலவும் இல்லை. அவர் உடனே எழுந்து சத்தத்தைக் குறைத்துவிட்டு, உண்மையாகவே மனம் வருந்திய முகத்தோடு என்னிடம் திரும்பிக் கேட்டார்: “லோ, கோக் பாரு பிலாங் செகாராங், மாஸ்?” அட, இதை ஏன் இப்போதுதான் சொல்கிறீர்கள், அண்ணா?